துணைக்கால்

கடைப் பலகையில் ‘ஜெசிந்தா முனியாக் டயர்’ என்றிருக்கும்.
முனியாண்டியைச் சுருக்கிட்டீங்களா ஆன்ட்டி என்பார்கள்
செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிப் பையன்கள்.
ஆமாம்டா என்பேன்.
சக்கரத்தில் பத்து நட்டுக் கழற்றும் நேரத்தில்
போலந்து வரை போய்வர முடியாது.

மேட்டுத் தோட்டத்துப் புகைக்கூடத்துக்கு
இயந்திரம் பூட்ட வந்தவர், அப்பாவின் அப்பா.
துரைமார் கிளப்பில் நாற்காலி கிடைக்காத வெள்ளைக்காரர்.
கிராணி முதல் மாதம் முனியாக் என்று எழுதினார்,
மறுமாதம் முனியன்.
மூன்றாம் மாதம் இவர் போய் மேசையைத் தட்டியதும்
பழையபடி முனியாக்.
ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போன நாளோடு
அந்தக் கணக்கும் முடிந்தது.
எங்கள் பத்திரங்களில் இனம்: இந்தியர்.
கண்மணி மட்டும் ஈய நிறம்.
அதற்குப் பாரத்தில் கட்டம் கிடையாது.

விட்டுப்போனது ஒரு பிஸ்கட் டின்.
மடக்கு அளவுகோல், மாதா பதக்கம்,
மரத்தால் கட்டிய கோயில் ஒன்றின் படம்.
பின்பக்கம் பென்சிலில்:
லிபினி.

எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது:
லிபினி என்ற பெயரில் இங்கே நாற்பது ஊருக்கு மேல்,
லிபா மரம் நின்ற இடமெல்லாம் லிபினிதான்,
உங்களுடையது எது?
நம்ம புதுப்பட்டி மாதிரி என்று
பகாவ் தபால் நிலைய வாசலிலேயே சிரித்துவிட்டேன்.

இரண்டு வருடம் ஆனது.
அந்தக் கோயில் கூரையை வைத்து
ஊரைக் கண்டுபிடித்தவள் தனுத்தா,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
அவருடைய தங்கையின் பேத்தி.
ஞானஸ்நானப் பதிவேடு கொஞ்ச தூரம் லத்தீனில்,
பிறகு போலிஷில், பிறகு ருஷ்ய எழுத்தில்.
ஊர் நகரவேயில்லை,
நாடுகள்தான் அதன்மேல் ஏறி ஏறி
இறங்கிப் போயிருக்கின்றன.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று வரை
இறங்கிப் போய்விட்டாள்.
கொல்லன் முனியாக், அவன் மகன் கொல்லன்,
அம்மையில் போன இரட்டைப் பெண்கள்,
பக்கத்து வீட்டு வாத்தைத் திருடி
அபராதம் கட்டிய ஒருத்தன்.
அந்த வாத்துக்குக்கூட
அங்கே இரண்டு சாட்சி கையெழுத்து.

வரைந்து அனுப்பிய மரத்தில்
அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலி.
‘இவங்க?’ என்று கேட்டிருந்தாள்.
‘கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி எங்கே இருந்தாங்க?’

அப்பாவைப் பெற்றவள்.
அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டில் தாய் என்ற இடத்தில்
318 என்று மட்டும் இருந்தது.
அதை இத்தனை நாள் நான்
சீட்டின் எண் என்றே நினைத்திருந்தேன்.

தோட்டம் நாலு கை மாறிவிட்டது.
ஆபீஸ் கிடங்கில் உரமூட்டைக்குப் பின்னால்
கங்காணியின் தமிழ்க் கணக்கு.
318. பெண். பால்வெட்டு. புதுப்பட்டி.
எந்த ஜில்லா என்று இல்லை.

பெயரும் இருந்தது.
ம-வும் ரி-யும் தெளிவாக,
நடுவில் கறையான் தின்ற துளை.
அங்கே ஒரு துணைக்கால் இருந்திருந்தால்
அவள் மாரி.
இல்லையென்றால் மரி.
அம்மனிடமிருந்து வந்தவளா,
மாதாவிடமிருந்தா,
இல்லை, மாதா பதக்கம் வைத்திருந்தவருக்காக
ஒரு காலை உதறியவளா.
தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
துளை வழியாகக் கிடங்குக்காரன் தெரிந்தான்,
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

தனுத்தாவுக்கு இன்னும் எழுதவில்லை.
நாற்பது லிபினிக்குச் சிரித்தவள்
புதுப்பட்டிகளை எண்ணத் தொடங்கி
நூறோடு நிறுத்தியிருக்கிறேன்.

இன்று காலை ஒரு பையன், ரோம்பினிலிருந்து வந்தவன்,
பலகையைப் பார்த்து அதே கேள்வி.
இல்லடா, என்றேன் முதல் முறையாக.
அப்புறம்? என்றான்.
லாரி ஜாக்கில் நிற்கிறது,
பத்து நட்டும் என் மடியில்.