மூன்று குடம் நல்ல தண்ணீர்

மூக்கையூர் விலக்கில் முள் சிவப்பைத் தொட்டது.
வாசனை அதற்கு முன்பே வந்துவிட்டது,
வெல்லம் தீய்ந்தது போல.
"அடுப்ப அணைச்சியா?" என்றேன் சுலோச்சனாவிடம்.
அடுப்பு அணைந்துதான் இருந்தது.

பழைய டிராவலர். பதினான்கு சீட்டைப் பிடுங்கிவிட்டு
கட்டில், சிங்க், ஜன்னலுக்குத் திரை.
வீட்டை வாடகைக்கு விட்டுக் கிளம்பினோம்
திரும்பிப் போவோம் என்று அவளும்
போகமாட்டோம் என்று நானும்
நினைத்துக்கொண்டு.

ஆடிக் காற்று வண்டியின் ஒரு பக்கத்தை
மணலால் தேய்த்துக்கொண்டிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை. சாயல்குடி மெக்கானிக் போனை எடுக்கவில்லை.
வந்தவர் இன்னாசி, துறைமுகத்தில் போட்டு எஞ்சின் பார்ப்பவர்.
பூசை முடிந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி
எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டினார்.
"ரோட்டுல நிக்கிறதெல்லாம் ஒரு ரிப்பேரா?
கரை தெரியாத எடத்துல நின்னுச்சுன்னா
எறங்கித் தள்ளவா முடியும்?"

சூடு ஆறும்வரை பீடி.
பிறகு துணி சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.
உள்ளே செம்மண் கரைத்த நிறம்.
விரலை விட்டு நாக்கில் வைத்தார்.
துப்பினார்.
என்னை மட்டும் பார்த்தார்.

தொண்டியில் அவள் தூங்கும்போது ஊற்றியது,
பங்க் ஓரத்து போர்த் தண்ணீர்.
பிறகு தேவிபட்டினத்தில். பிறகு கணக்கில்லை.
கூலண்ட் கேன் எண்ணூறு ரூபாய்.
அவள் கோடு போட்டு வைத்திருந்த சர்வீஸ் நோட்டில்
'கூலண்ட் மாற்றியது' என்று எழுதினேன்,
தேதியோடு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
"டீச் சட்டி இருக்கா?" என்றார்.
எங்கள் அடுப்பிலேயே வைத்துக் கொதிக்க விட்டோம்.
மூவரும் குனிந்து பார்த்தோம்.
தண்ணீர் தளதளத்தது. அது அசையவில்லை.
"இவ்வளவு சூட்டுலயும் வாயத் தொறக்கல பாருங்க."
சுலோச்சனா சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

தஸ்நேவிஸ் நாலு குடத்துத் தள்ளுவண்டியோடு வந்தாள்.
"குடிக்கவா?"
"எஞ்சினுக்கு."
வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள்.
இன்னாசிதான் சொன்னார்:
"கடல்ல ஓடுற எஞ்சினுக்கே உள்ள நல்ல தண்ணிதான், புள்ள.
வெளிய உப்பு ஓடலாம்."
குடம் பதினைந்து. மூன்று தந்தாள்.
நாலாவதைக் கையால் மூடிக்கொண்டாள்.

முதல் குடம் ரத்தமாய் வெளியே வந்து
மணலில் இறங்கியது.
கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.
இரண்டாவது, தேநீர் நிறம்.
மூன்றாவது உள்ளேயே தங்கியது.

"தொண்டியில நாந்தான் உப்புத் தண்ணி ஊத்துனேன்," என்றேன்
எஞ்சின் சத்தம் எழுந்த பிறகு.
"என்ன?" என்றாள்.
இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.
இன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு
பொத்தான்களை மெதுவாகப் போட்டார்.

"தெர்மோஸ்டாட் இல்லாம ராம்நாடு வரைக்கும் போவலாம்.
அம்பதுக்கு மேல ஓட்டாதிய.
கேஸ்கட்டுக்கு இப்பவே ஒன்னும் சொல்ல முடியாது."

வாலிநோக்கம் தாண்டும்வரை அவள் பேசவில்லை.
உப்பளங்கள் வெளுத்துக் கிடந்தன.
நோட்டை எடுத்து என் வரியை அடித்தாள்.
மேலே 'உப்புத் தண்ணீர்' என்று எழுதி
"எத்தன தடவ?" என்றாள், பேனாவை நிறுத்தி.

சாயங்காலம் டீயில் இரும்பு வாடை.
சட்டியை மாற்றலாம் என்று
இருவருமே சொல்லவில்லை.