ஓர் உதைக்கான பெட்ரோல்

விற்பனைக்கு என்று அட்டை எழுதி
டாங்கியின் மேல் கட்டிப்
பிறை சந்தைக்கு வெளியே நிறுத்திய ஞாயிறு
முதலில் வந்தவன் கேட்டான்:
"அண்ணன் இல்லையா?"
அடுத்தவன்:
"வீட்டுக்காரர் எப்போ வருவார்?"
மூன்றாமவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
குனிந்து எஞ்சினிடம் கேட்டான்.
அவனை எனக்குப் பிடித்தது.
அவனிடம் இருந்ததோ எண்ணூறு ரிங்கிட்.

முந்தைய பிறவியில் அது ரொட்டி விற்றது.
எண்பத்து மூன்றாம் வருட ஹோண்டா.
இருபுறமும் கூடை, தலைக்குமேல் குடை,
பாய் அமுக்கினால் வாத்தாய்க் கத்தும் ரப்பர் ஹாரன்.
அவர் மகன் இரும்புக்கடைக்குத் தள்ளிப்போனதை
வழிமறித்து வாங்கினேன்.
கூடையைக் கழற்றியபோது சட்டத்தின் இடுக்கில்
கல்லாகிப்போன ஒரு பன் துண்டு.

இரவு ஷிஃப்ட் முடிந்த காலைகளில் கட்டினேன்.
மூன்று வருடம். சரி, நான்கு.
வாலை அறுத்தேன், கைப்பிடியைத் தாழ்த்தினேன்.
ரொஸ்லான் டாங்கியைத் தட்டித் தட்டி
முட்டிக்கு இரண்டு குழி எடுத்துக் கொடுத்தான்.
என் முட்டியைத் தொட வெட்கப்பட்டு
சிகரெட் பெட்டியால் அளவெடுத்தான்.
சீட்டு தைத்தது சோபா தைக்கும் ஆ லீன்.
"ஒருவருக்குத்தானா?" என்றாள்.
ஒருவருக்குத்தான்.
அதற்குமேல் கேட்காமல் ஊசியில் நூல் கோத்தாள்.

பின்னால் இருந்துகொண்டு
"மெதுவா போ" என்று சொல்ல
அதில் யாருக்கும் இடமில்லை.

குறைகளைச் சொல்லித்தான் விற்றேன்.
மழையில் இடது சிக்னல் கண் சிமிட்டாது, முறைக்கும்.
மூன்றாம் கியரில் ஒரு முனகல்,
எங்கிருந்து என்று இன்றுவரை தெரியவில்லை.
தெலுக் பஹாங் தாண்டிய ஏற்றத்தில்
அந்த முனகல் தானே நின்றுவிடும்.
ஏன் என்றும் தெரியவில்லை.

வாங்கியவர் ஊய் செங் ஹுவாட்.
ஜார்ஜ்டவுனில் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றில்
காப்பிக்கடை திறக்கப் போகிறவர்.
சொன்ன விலையில் ஒரு காசு குறைக்கவில்லை.
அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.
"ஓட்டிப் பாருங்கள்" என்றேன்.
"எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது" என்றார்,
மிக மரியாதையாக.
சுவரோரம் நிற்க வைப்பாராம்.
மேலே ஒரு மஞ்சள் விளக்கு.
தம்பியின் வக்கீல் பணத்துக்குக் காத்திருந்தார்.
தலையாட்டினேன்.

ஜேபிஜே முகப்பில் பெயர் மாற்றக்
கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள்.
இயந்திரம் என்னை ஏற்கவில்லை.
நான்கு வருடம் அரம் பிடித்ததில்
ரேகை தேய்ந்திருந்தது.
துடைத்துவிட்டு வையுங்கள்.
இன்னும் அழுத்துங்கள்.
ஐந்தாம் முறைதான்
நான் நானே என்று ஒப்புக்கொண்டது,
மோட்டார் இனி என்னுடையதில்லை என்று
எழுதிக்கொள்வதற்காக.

"பெட்ரோல் வாடை வரக்கூடாது,
பக்கத்திலேயே கேக் வைப்போம்" என்றார் ஊய்.
நானே வடித்துக் கொடுத்தேன்,
டாங்கியைச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை.
கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை மட்டும் திறக்கவில்லை.
அதில் இருப்பது ஓர் உதைக்குக் காணும்.
என்றைக்காவது மேசை துடைக்கிற பையன் எவனாவது
கடை அடைத்த பிறகு
சும்மா ஏறி உட்கார்ந்து பார்ப்பான்,
கால் தானாக அந்த மிதியைத் தேடும்.
கண்ணாடிக் கோப்பைகள் ஒரு நிமிடம் நடுங்கட்டும்.

மறுபடியும் ரொட்டிகளுக்கு நடுவில்தான் என்று
அதனிடம் சொல்ல நினைத்தேன்.
ஊய் பக்கத்திலேயே நின்றார்.

திரும்பும் ஃபெரிக்கு
பழக்கத்தில் மோட்டார் வரிசையில் போய் நின்றிருக்கிறேன்.
முன்னால் ஒரு லாரிக்காரர் மகனின் ஸ்கூட்டர்,
பின்னால் மீன் பெட்டி கட்டிய ஒரு வண்டி.
காவலாளி என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்,
தரையைப் பார்த்தார்.
"மோட்டார் மானா?"
பிறகு, ஆட்கள் ஏறும் வழியைக்
கையால் காட்டினார்.