முப்பதடிக்குள்

மோரியோகா ரயில் நிலையத்துக்கு எதிரே எங்கள் கடை.
மூன்றாம் தளம். ரைஸ் குக்கர் தேடி வந்து
தப்பான பக்கம் திரும்பினால் அங்கே நான்.

வந்த புதிதில் தெமாரிக்கு ஆறடி அலமாரி.
அப்புறம் நான்கு.
கோடையில் கைப்பேசி உறைகள் இடப்பக்கமிருந்து
வாய்க்கால் தகராறுபோல அங்குலம் அங்குலமாக ஏறி வந்தன.
இப்போது ஒன்றரை அடி.
அதிலும் பாதி, அதை வைத்துக்கொள்ளும் பைகள்.
பைகள் பரவாயில்லாமல் விற்கின்றன,
எதை வைக்கவோ.

வியாழக்கிழமைதோறும் நாடு முழுக்க விற்ற கணக்கு வரும்.
மேலாளர் இவாபுச்சி அதைப் படித்துவிட்டு
ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் குரலில் கேட்பார்:
"ஒதாகிரி, இது பிழைக்குமா?"

நான் இதைத் தவணையில் வாங்கியவள்.
கடைசித் தவணை போன மாதம்தான் கழிந்தது.
என்னிடம் போய்க் கேட்கிறார்.

திரையைக் குறை சொல்ல முடியாது.
மழைக் காட்சி வந்தால் கட்டைவிரலைத் துடைத்துக்கொள்வேன்.
நினைவக அட்டைதான் அநியாய விலை,
வேறு அட்டை எதுவும் அதற்குச் சேராது.
அந்தத் திமிர்தான் கொன்றது என்கிறான் கேமரா பிரிவு ஹிராசவா.
கேமரா பிரிவு மட்டும் என்ன வாழ்கிறதாம்.

ஆனால் ஒன்று.
முப்பதடிக்குள் இன்னொரு தெமாரி கடந்துபோனால்
மேல் விளிம்பில் பச்சை விளக்கு சிமிட்டும்.
அவர் வைத்துக்கொண்ட பெயரும் ஒருவரி வணக்கமும்
இதில் வந்து உட்காரும்.
பேச வேண்டாம், நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டாம்.
என்னை மனத்தில் வைத்தே யாரோ செய்திருக்கிறார்கள்.

முதல் வருடம் நாளொன்றுக்குப் பத்து, பதினொன்று.
பிறகு வாரத்துக்கு ஒன்று.
இந்தக் குளிர்காலத்தில் நாற்பத்து மூன்று நாள்
கோட்டுப் பையில் கல்லைச் சுமந்ததுபோல் சுமந்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் இவாபுச்சி சொன்னார்,
காட்சிக்கு வைத்ததை எடுத்துவிடு,
இடது குச்சி ஆடுகிறது, பழுதுக்கு அனுப்பு.
காலையில் கூரியரில் போடலாமென்று கைப்பையில் போட்டுக்கொண்டு
பேருந்தில் ஏறினேன். வெளியே பனி.
ஆற்றுப் பாலத்தில்
பச்சை.

பெயர்: ஆஆஆஆ.
வணக்கம்: பசிக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன், விதியை மீறி.
பள்ளிச் சீருடைப் பையனா?
முள்ளங்கி துருத்தும் பையோடு தூங்குபவரா?
நெஞ்சு அடித்துக்கொண்டது, சொல்ல வெட்கம்.
இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் உறைத்தது:
என் கைப்பைக்குள் கிடப்பதும் தெமாரி.
எவனோ ஒரு வாண்டு, அம்மா டிவி பேரம் பேசும் நேரத்தில்
அதில் தட்டிவிட்டுப் போன பெயர்.
என்னுடையது பகலெல்லாம் பின்கட்டு இரும்பு லாக்கரில் கிடக்கும்.
ஒரே கடையில் வேலை பார்த்தும்
இரண்டும் இன்றுதான் சந்தித்திருக்கின்றன.

சிரித்தேன். முள்ளங்கிக்காரர் விழித்துக்கொண்டார்.

வீட்டில் அதைத் திறந்து
அது பார்த்தவர்களின் பட்டியலைப் புரட்டினேன்.
புத்தாண்டிலிருந்து பதினேழு பேர்.
வெங்காயத்தாள். இரவுப்பணி.
மூன்றுமுறை தோற்றவன். இன்னும் என்னென்னவோ.
பல்பு வாங்க வந்திருப்பார்கள், பிரின்டர் மை வாங்க.
யாரும் என் ஒன்றரை அடிக்கு வரவில்லை.
ஏன் வர வேண்டும்? பையிலேயே இருக்கிறதே.
வியாழக்கிழமைக் கணக்கு வாங்கியவரை மறுபடி எண்ணாது.

அந்த வியாழன் எண் இன்னும் இறங்கியிருந்தது.
"பிழைக்குமா?"
பதினேழு என்று சொன்னால் அவர் சிரிப்பார்.
பதினேழை வைத்து ஒரு கம்பெனி மின்கட்டணம்கூடக் கட்ட முடியாது,
அது எனக்கும் தெரியும்.
"பைகள் போகின்றன" என்றேன்.

காட்சிக் கருவியைப் பழுதுக்கு அனுப்பவில்லை.
ரைஸ் குக்கர் வரிசைக்குப் பின்னால்,
விலை அட்டைகள் மறைக்கும் இடத்தில்
ஒரு பிளக் காலியாக இருந்தது. செருகினேன்.
பெயரை மாற்றவில்லை.
வணக்கத்தையும்: குக்கர்களுக்கு நடுவே
"பசிக்கிறது" பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மறுபடி வெங்காயத்தாள்.
மை தீர்ந்திருக்கும்.