கரை மட்டும்

மாசி அமாவாசை கழிந்த சனிக்கிழமை,
மணற்காட்டில் பின்னிரவு மூன்று மணி.
துணைக்கு வந்த தம்பி
ஓட்டோவுக்குள் குறட்டை.
முக்காலியின் கால் புதைந்துகொண்டே போகிறது.
அரிசிப்பை ஒன்றில் மணல் நிரப்பி
அடியில் தொங்கவிட்டேன்.
காற்றுக்கு இனி அது பொறுப்பு.

பகலெல்லாம் மாப்பிள்ளைமாரை
"கொஞ்சம் சிரியுங்கோ" என்று
கெஞ்சித் திரிகிற கமெரா இது.
இங்கே ஒருவரிடமும் கெஞ்சத் தேவையில்லை.
தெற்கே தேளின் வாலில் தொடங்கி
இருபது செக்கன் திறப்பேன்,
மூடுவேன்,
கொஞ்சம் திருப்புவேன்.
முந்தின படத்தில் மூன்றிலொரு பங்கு
அடுத்ததிலும் விழவேண்டும்,
இல்லையென்றால் தைக்கிற நேரம்
வானம் கிழியும்.

நாலாவதில் நாயொன்று வந்து
முக்காலியை மணந்து பார்த்தது. திரும்ப எடுத்தேன்.
ஏழாவதில் கண்ணாடியில் உப்புப் பனி.
எட்டாவதில் றெஜினோல்ட்டின் படகு இறங்கியது.
அவன் நெற்றி லைற்
பத்துவரைக்கும் கூடவே வந்தது.
பதினொன்று, வடக்கு.
பிளாஸ்கில் தேத்தண்ணி ஆறியிருந்தது.

நெல்லியடியில், வீட்டில்,
கணினி எல்லாவற்றையும் தைத்து முடித்தபோது
ஒருக்கால் போன படகு
மூன்றாக நின்றது.
அழிக்கவா என்று கேட்டது.
இரண்டை அழித்தேன்.
எந்த ஒன்று அவன் என்று
எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.
ஆனால் பால்வீதி!
தெற்கே எழும்பி, சவுக்குகளுக்கு மேலால் வளைந்து,
வடகிழக்குக் கடலுக்குள் கால் வைத்தது.
எனக்கு நானே கை தட்டினேன்.

திங்கட்கிழமை போனில் காட்டினேன்.
வலை பொத்திக்கொண்டிருந்த றெஜி
சாரத்தில் கையைத் துடைத்தான்.
இரண்டு விரலால் விரித்தான்.
வானத்தை மேலே தள்ளிவிட்டான்.
தள்ளித் தள்ளி
கடலும் இருட்டும் முட்டுகிற கோட்டுக்கு வந்து
அதிலேயே மெல்ல மெல்ல நகர்ந்தான்.
உதடு மட்டும் அசைந்தது.
"நாற்பத்தேழு" என்றான்.
பிறகு, ஓரமாய் ஒரு புள்ளியைத் தொட்டு,
"உது நான்."

அடிவானத்து வெள்ளிகள் என்று நினைத்து
நான் அவற்றுக்குக் கொஞ்சம்
வெளிச்சம் கூட்டியிருந்தேன்.

"அவ்வளவும் றோலர், அக்கா.
என்ர வலை போன இடம் இதுதான்.
வாயால சொன்னால் ஆர் நம்பினம்?
வியாழக்கிழமை சங்கக் கூட்டம்.
கரையை மட்டும் வெட்டித் தருவியளோ?"

வெட்டினேன்.
தேளின் வால் போனது.
வளைவு போனது.
மூச்சடக்கி நின்ற பதினொரு தரமும் போனது.
கூட்டின வெளிச்சத்தைக் குறைத்து
இருந்தபடியே விட்டேன்.
நாலு அங்குல உயரம், ஐந்தடி நீளம்.

பருத்தித்துறையில் அச்சடிக்கிற பெடியன்
சுருட்டி, றப்பர் பாண்ட் போட்டபடி கேட்டான்:
"நல்ல வடிவான ரவுண்.
எந்த நாடு அக்கா?"

மணற்காடு என்றேன்.

"பகிடி விடாதேங்கோ" என்று
மிச்சக் காசை எண்ணித் தந்தான்.