திருப்திகரம்

மாசியில் பெயர் பதிந்தது.
வீட்டுக்கு வந்து பார்ப்பினமாம்,
பார்த்த பிறகுதான் உதவிக்கு ஆள் தருவினமாம்.
எப்ப வருவினம் என்று கேட்க
கவுண்டருக்கு அங்கால் இருந்த பெடியன்
சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான்.
அது போன வருசத்தினது.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது.
முள்ளந்தண்டுக்குள் கிடக்கிற இரும்புக்கு
இப்ப வயது பதினாறு.
"ஓ.எல். எழுத விடலாம்" என்பாள்.

நான் தம்பி.
சமைப்பேன், தூக்குவேன்,
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
மற்றப் பக்கம் சரித்துப் படுக்க வைப்பேன்.
சலப்பை மாற்ற ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டார்கள்.
குளிக்க வார்க்கிறது மட்டும்
எங்கள் இரண்டு பேருக்கும் ஏலாது.

அதுக்கு றெஜினா வரவேணும்.
கிளிநொச்சிக்குப் போகிற காமென்ற்ஸ் பஸ்
மல்லாவிச் சந்தியில் ஐந்தரைக்கு.
நாலரைக்கு வேலிக்கரையால் ஒரு ரோச் லைற் வரும்,
நான் எழும்பிக் கேற்றடிக்குப் போய் நிற்பேன்.
வாளித் தண்ணீர் விழும் சத்தம்.
எதுக்கோ இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்.
பிறகு ஈரக் கையோடு றெஜினா ஓடுவாள்.
கிழமைக்கு இரண்டு நாள்,
ஓவர்டைம் என்றால் ஒன்று.

படிவத்தில் கேட்டிருந்தது:
தனியே குளிப்பாரா?
ஆம். இல்லை. உதவியுடன்.
உதவியுடன் என்றதற்குச் சரி போட்டேன்.
நாலரை மணியை எழுத அதில் இடமில்லை.

சித்திரையில் போன் எடுத்தேன், பொறுப்பானவ லீவு.
ஆனியில் அவ இடமாற்றம், புது ஆள் இன்னும் போடவில்லை.
ஆவணியில்: உங்கட இலக்கம் நாற்பத்திமூன்று.
ஐப்பசியில்: நாற்பத்தைந்து.
எப்படிக் கூடும் என்று கேட்டேன்.
அவசரக் கேஸ் இரண்டு நடுவில வந்திட்டுது அண்ணை.
அக்காவிடம் சொன்னேன்.
"பாவங்கள், புதுசா விழுந்ததுகள்" என்றாள்.

மார்கழி மழைக்குள் தகவல் வந்தது:
நாளைக்கு.

றெஜினா லீவு போட்டாள்,
அந்த மாத வரவுக் காசு அதோடு போச்சு.
தலைக்கு வார்த்து, சாம்பிராணி பிடித்து,
செபமணி வீட்டுப் புதுப் பெற்சீற் வாங்கி விரித்து,
அக்காவுக்கு மயில்நீலச் சட்டை, பொட்டு.
சலப்பைக்கு மேலே ஒரு துவாய்.
நான் சக்கரக் கதிரையின் கறளைக்கூடத் தேய்த்தேன்.

வந்த பிள்ளை எங்களிலும் இளையவ.
மழைக்கோட்டைக் கழற்றாமலே தேத்தண்ணி குடித்தா.
இருபது கிராமத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்,
அதுவும் முத்திரை முடிஞ்ச எண்ணெயில் ஓடுது என்றா.
முதுகைப் பார்க்கலாமோ அக்கா.
பார்த்தா.
"புண் ஒண்டும் இல்லையே!"
"ஒருநாளும் வர விடேல்லை," அக்கா சொன்னாள்,
பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறவள் மாதிரி.

எழுத மேசையில்லை.
கதிரைக் கையில் கடதாசியை வைத்து எழுதினா.
எதிரே நின்ற நான் தலைகீழாய் வாசித்தேன்:
பராமரிப்பு திருப்திகரம்.

நல்லதுதானே என்று கேட்டேன்.
அந்தப் பிள்ளை பேனையை மூடித் திறந்து மூடிற்று.
"நல்லதுதான் அண்ணை. ஆனா
புண் உள்ள ஆக்களுக்குத்தான் முதல்."
பிறகு என் முகத்தைப் பாராமல்
ஹெல்மெற்றுக்குள் தலையை விட்டது.
மறுமதிப்பீடு பன்னிரண்டு மாதத்தில்.

அன்றிரவு அக்கா கனநேரம் கதைக்கவில்லை.
சரித்துப் படுக்க வைக்கப் போனபோது
"அடுத்த முறை வரேக்க
தலை இழுக்காமல் நாறிக்கொண்டு கிடக்கிறன்" என்றாள்.
என்றவள், சீப்பு எங்கே என்றும் கேட்டாள்.

நாலரைக்குப் பழக்கத்தில் எழும்பிக்
கேற்றடிக்குப் போய்விட்டேன்.
ரோச் லைற் வரவில்லை.
நேற்றைய லீவுக்கு இன்றைக்கு
முந்தின பஸ்ஸில் போயிருப்பாள்.
சட்டை தோளில் ஒட்டும்வரை நின்றேன்.

உள்ளேயிருந்து குரல்:
"இப்ப நாங்கள் எத்தினையாவது?"

அதைக் கேட்க மறந்துபோனேன்.