ஒண்ணாம் நம்பர் கூண்டு

துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறிவிட்டால்
பாம்பனுக்கே தெரிந்துவிடும்.
ஒண்ணாம் நம்பரா மூணா என்று கேட்டுக்கொண்டே
வள்ளத்தை மேலே இழுப்போம்.
இன்னாசி அண்ணன் தலைக்குள் காற்றுக் கிளம்பிய அன்று
எந்தக் கம்பத்திலும் எதுவும் ஏறவில்லை.
வாய் ஒரு பக்கம் கோணி
டீ சட்டையில் வழிந்தது,
அவ்வளவுதான்.

அவருக்கு எழுபத்தி மூணு, எனக்கு அறுபத்தி எட்டு.
மதினி போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கட்டவே இல்லை.
ஒரு படகுப் பங்குக்காகப்
பதினோரு வருஷம் பேசாமல் கிடந்தோம்.
பேச்சே வராத இப்போது
நான்தான் அவருக்குக் குண்டி கழுவிவிடுகிறேன்.
சொல்ல எனக்குக் கூச்சமில்லை.
முதல் நாள் அவர்தான்
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

விற்ற படகில் மிஞ்சிய இரும்புக் குழாயைக்
கக்கூஸ் சுவரில் பதித்தேன், பிடித்து எழ.
வழுக்காமலிருக்கப் பழைய வலையை நாலாய் மடித்து விரித்தேன்.
பிசியோதெரபிக்கு வரும் நிலோபர் திட்டித் தீர்த்தது:
"விரல் மாட்டுனா ரெண்டு பேரும் போயிருவீங்க."
சரிதான்,
மீனுக்கு விரிப்பதை மனுஷனுக்கு விரிக்கக் கூடாது.
ரப்பர் மிதியடி வாங்கினேன்.

தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கணும்.
நெகுநெகுவென்று இருந்தால்
வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடுமாம்,
ஐம்பது வருஷம் கடலில் வழி தவறாத ஆளுக்கு.
நகரை மீனை முள் பார்த்துப் பிசைந்து
கஞ்சியில் கலந்து
நிமிர உட்கார்த்தி, தாடையைத் தாழ்த்தச் சொல்லி
ஒரு கரண்டி.
தொண்டை ஏறி இறங்கட்டும்.
இன்னொரு கரண்டி.
கிண்ணம் காலியாவதற்குள்
பாலத்தில் ஒரு ரயில் போய்த் திரும்பிவிடும்.

என் பிரஷர் மாத்திரை அட்டை
அவர் மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது,
செவ்வாய்க்கிழமையிலிருந்து.

கச்சான் வெறிகொண்டு அடித்த ராத்திரி. கரண்ட் இல்லை.
அவர் விரிப்பை மாற்ற எழுந்தவனுக்குச்
சுவரெல்லாம் சாய்ந்தது.
கதவைப் பிடித்ததாகத்தான் ஞாபகம்.
பிடித்தது அதில் தொங்கிய கைலியை.

கரண்ட் வந்து போன ஒரு நொடியில் பார்த்தேன்,
தரையிலிருந்து பார்த்தால் வீடு வேறாக இருக்கிறது.
கட்டிலுக்கு அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு மாத்திரை.
அவர் விழுங்கியதாக நான் நோட்டில் எழுதியது.
இடுப்பு என்னுடையதாக இல்லை.
யாரைக் கூப்பிட?
எழ முடியாதவரையா, கத்த முடியாதவரையா?

தலைக்கு மேலே டங் என்றது.
நல்ல கை, இடது கை.
எவர்சில்வர் டம்ளரும் கட்டில் கம்பியும்.
டங். டங்.
நின்றது. மூச்சு வாங்கியது.
மறுபடியும் டங்.
மூடுபனியில் படகும் படகும் முட்டாமலிருக்கத்
தகரம் தட்டுவோமே,
அதே தட்டு.
எவ்வளவு நேரமோ தெரியாது.
பக்கத்து வீட்டு நம்புக்கனி டார்ச்சோடு வந்தபோது
அண்ணன் வாய் மாதிரியே
டம்ளர் வாயும் கோணியிருந்தது.

எலும்பு முறியவில்லை, வெறும் வீக்கம்தான்.
வியாழன் மத்தியானம் மட்டும்
நம்புக்கனி மகன் வந்து அண்ணனோடு இருக்கிறான்.
நான் பாலத்தடியில் தூண்டிலோடு நிற்பேன்.
கடித்தால் மீன்,
கடிக்காவிட்டால் காற்று.
டம்ளரைத் தூக்கிப் போடவில்லை.
நைலான் கயிற்றில் கட்டிலோடு கட்டியிருக்கிறேன்.
மூணு தட்டு என்றால் ஒண்ணாம் நம்பர்,
தெருவுக்கே சொல்லியாயிற்று.

காலையில் ரெண்டு டப்பா திறக்கிறேன்.
நான் போட்டுக்கொள்ளும்வரை
அவர் வாயைத் திறப்பதில்லை.
இடது கையை நீட்டி
என் தாடையைக் கீழே அழுத்துகிறார்.
என் தொண்டை ஏறி
இறங்குகிறதா என்று
பார்த்துக்கொண்டே இருக்கிறார்.