எண்ணெய் கசிகிறது

கொம்தாரின் மூன்றாம் மாடியில்
மூன்று தட்டு பத்து வெள்ளிக்கு விற்ற காலத்தில்
'இரும்புக் கொக்கு' என்னிடம் வந்து சேர்ந்தது.
ஐம்பத்தொரு அத்தியாயங்கள்.
ஒன்பதாவது தட்டில் கீறல்.
அதனால் அந்தத் தீவிலிருந்து கொக்கு எப்படித் தப்பியது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் பிடித்தவன் அதை ஓட்டுகிறவன்.
நெற்றியில் விழும் நீலமுடி,
செத்துப்போன அண்ணன்,
சத்தமாய் ஒரு சபதம்.
கம்பெனி பஸ்ஸில் ரோஸ்னா அவன் படத்தைக்
கைப்பேசிக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள்.
எனக்குப் பிடித்தவள்
அத்தியாயத்துக்கு ஒன்றரை நிமிடம் வந்து
கொக்கின் முழங்காலுக்குள் ஏறி
ஸ்பானரோடு காணாமல் போகிறவள்.
அவனுக்குப் பொம்மை உண்டு, நாற்பது வெள்ளி.
அவளுக்கு இருக்கிறதா என்று கேட்டேன்.
கடைப் பையன் கேட்டான்: "அது யாரு?"
கதையே அவளுடையதுதான் என்று
இருபது வருடமாய் ஒற்றைக்காலில் நிற்கிறேன்,
கொக்கைப் போலவே.

அப்போது பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
தலைமுதல் கால்வரை வெள்ளை உறை,
கண் மட்டும் வெளியே.
நகக்கண் அளவு சிப்பை லென்ஸில் பார்த்து
நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம்.
அவை எதற்குள் போகின்றன என்று
ஒருவரும் சொன்னதில்லை.
நானே சொல்லிக்கொள்வேன்:
கொக்கின் முழங்காலுக்கு.

நாற்பத்து நான்காம் அத்தியாயம்.
மழை.
ஏணியிலிருந்து இறங்கி, கன்னத்தில் கிரீஸோடு,
ஓட்டுகிறவனைப் பார்க்காமலே ஏதோ சொல்கிறாள்.
திரையின் அடியில் மலாய் எழுத்து ஓடுகிறது:
உடைந்து திரும்பு, பரவாயில்லை.
திரும்பாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில்
சிங்கப்பூருக்குப் புறப்பட்ட தம்பி இளமாறனிடம்
என் சொந்த வசனம் போலச் சொன்னேன்.
பதினான்கு மாதத்தில் வந்தான்.
இடது கையில் மாவுக்கட்டு, பையில் முந்நூறு வெள்ளி.
"உடைஞ்சுதான்க்கா வந்திருக்கேன்."
சோறு போட்டேன்.
வேறொன்றும் கேட்கவில்லை.

போன மாதம் ஹூய் லெங் வந்திருந்தாள்.
ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலி.
பிறகு கம்பெனி அவளை ஒசாகாவுக்கு அனுப்ப,
ஜப்பானிய மொழியோடு திரும்பியவள்.
ரெலாவ், பதினோராம் மாடி, ஒரு தட்டு வறுத்த கச்சான்.
உட்காரவைத்து ஓடவிட்டேன்.
அந்த இடம் வந்ததும் கூடவே வாயசைத்தேன்.
அவள் சிரித்துவிட்டாள்.
"அவ அப்படிச் சொல்லலையே."
பின்னே?
"இடது முழங்கால்ல எண்ணெய் கசியுது. பார்த்துப் போ.
அவ்வளவுதான்."

மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டோம்.
மூன்று முறையும் எண்ணெய்தான்.

யாரோ ஒருவர்,
எங்கோ ஒரு கடையின் பின்னறையில்,
விடிவதற்குள் பத்து அத்தியாயம் முடிக்க வேண்டியவர்,
ஜப்பானியம் பாதி தெரிந்தவர்,
அன்றைக்கு யாருக்காகக் கதவைத் தாழிடாமல் வைத்திருந்தாரோ.

ஹூய் லெங் போனபின்
சத்தத்தை அணைத்து,
எழுத்து ஓடும் இடத்தில் செய்தித்தாளை மடித்து ஒட்டி,
இன்னொரு தரம் பார்த்தேன்.
அவள் வாய் அசைகிறது.
இத்தனை வருடம் எழுத்தைப் படித்ததில்
கையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.
பேசி முடித்த பின்னும் அது
முழங்கால் மூட்டிலிருந்து எடுபடவே இல்லை.

காலையில் இளமாறன் மோட்டாரை உதைத்தான்.
பாலம் தாண்டிப் பிறையில் வேலை.
குப்பை போடக் கீழே இறங்கியிருந்தேன்.
"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."
குனிந்து அமுக்கிப் பார்த்தான்.
"நேத்துதானே அடிச்சேன்."
"இருக்கட்டும்," என்றேன்.
"பார்த்துப் போ."